உறைக்குள் இருந்த சீட்டு

பனவடலிசத்திரத்தில் என் ஆச்சிக்கு ஒரு நாத்தனார் இருந்தாள். அவளுக்கு க்ஷயரோகம் கண்டதும் அவளுடைய தட்டும் தம்ளரும் தனியே போயின. அவளும் பின்கட்டுக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் படுக்கை காலியாகும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். படுக்கை கிடைத்ததாகத் தகவல் வந்தபோது அவள் இல்லை.

அக்காலத்தில் நல்ல காற்று, ஓய்வு, சத்துள்ள ஆகாரம், தனி வாசம் இவையே சிகிச்சை. நோயாளிகளின் தொகைக்கு முன் படுக்கைகள் எம்மாத்திரம்! வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதாதா என்று கேட்க ஒருவருக்குத் துணிவு வேண்டும். அதற்கு விடை காண வேறொருவருக்குக் கணக்கு வேண்டும்.

1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கியது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை வகித்தார், எஸ். ராதாகிருஷ்ணா புள்ளியியல் நிபுணர். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர் சோதனையில் சேர்ந்தார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில்? வைத்தியரிடம் விட்டால், மிகவும் மெலிந்தவரை இரக்கத்தால் சானடோரியத்துக்கே அனுப்புவார்; பிறகு எதை எதனோடு ஒப்பிடுவது? ஆகவே முத்திரையிட்ட உறைகள் தீர்மானித்தன. இரக்கத்தைக் கட்டிப்போடுவது கொடுமையல்லவா என்று ஒரு கதாசிரியனுக்குத் தோன்றத்தான் செய்கிறது. ஆனால் எது நல்லது என்று அன்று எவருக்கும் தெரியாது.

இரு சாராருக்கும் ஓராண்டு ஐசோநியாசிட்டும் பாஸும். வீட்டிலிருந்தவர்கள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று அறிய, சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். சானடோரியத்தில் சாப்பாடு மேல், ஓய்வும் அதிகம். உடல் எடையும் அங்கேதான் கூடுதலாக ஏறியது.

1959-இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் கிருமி ஓய்ந்தவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86. அந்த ஆறைப் பார்த்து, 'ஆஸ்பத்திரிதான் மேல்' என்று நாம் சொல்லிவிடுவோம். இத்தனை சிறு கூட்டத்தில் அந்த வித்தியாசம் தற்செயலாகவே வரலாம் என்பது புள்ளியியலின் பதில். வீட்டு நோயாளியோடு வசித்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் அதிகமாகத் தொற்றவில்லை. மருந்து தொடங்குமுன்பே தொற்றியது தொற்றிவிட்டது; தொடங்கிய பின் பரப்பும் சக்தி விரைவில் குன்றியது. பிற்பாடு பல நாடுகள் வீட்டுச் சிகிச்சைக்கு மாறுவதற்கு இந்தக் கணக்கு பெருங்காரணம்.

இதை ஆச்சியிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாதிருந்தாள்.

"அப்பம் அந்தத் தம்ளரத் தனியா வச்சிருக்க வேண்டாமாய்யா?"

"மாத்திரை இருந்திருந்தா வேண்டாம், ஆச்சி" என்றேன்.