தொண்டாமுத்தூர்: குளமும் கல்வெட்டும் திட்டத்தில் ஏறியிருக்கிறதா?

தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் பாக்குத் தோப்பும் சின்ன வெங்காயமும் செழிப்பதற்கு மேற்கே நிற்கும் வெள்ளியங்கிரி மலையே காரணம். அங்கிருந்து இறங்கும் ஓடைகள் கூடி நொய்யலாகின்றன. சித்திரைச்சாவடி அணைக்கட்டில் வாய்க்காலுக்குத் திரும்பும் தண்ணீர், கீழே உள்ள குளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிரப்புகிறது. இதே நிலத்தில் வரலாறும் இருக்கிறது. போளுவாம்பட்டியில் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்துள்ளது. சுண்டக்காமுத்தூர் அருகே பாறையில் உள்ள ராஜகேசரிப் பெருவழிக் கல்வெட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சென்ற பழைய வணிகப் பாதைக்குச் சாட்சி.

இவற்றைக் காப்பது வனத்துறை, தொல்லியல் துறை வேலை என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், ஓடைக்கரையில் வீட்டுமனை வருமா வராதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது நில உபயோகத் திட்டம்தான்.

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டமும், அதற்குக் கீழே விரிவு வளர்ச்சித் திட்டமும் தயாரிக்கப்படுகின்றன. வரலாற்றுச் சிறப்பும் இயற்கை அழகும் உள்ளவற்றையும், வழிபாட்டில் உள்ள கட்டடங்களையும் பாதுகாக்க விரிவு வளர்ச்சித் திட்டத்தில் வழி உண்டு. பள்ளிவாசல், கோயில், தேவாலயம் என்ற பாகுபாடு இதில் இல்லை. கோவைக்கு 1994-இல் ஒரு முழுமைத் திட்டம் வந்தது. 2041 வரைக்குமான அடுத்த வரைவு 2024-இல்தான் மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் நகரம் எவ்வளவு பரவிவிட்டது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மலையடிவாரக் கிராமங்களுக்குக் கூடுதல் காவல் ஒன்று உண்டு. 1990-இல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமங்களில், ஊராட்சி ஒப்புதல் மட்டும் இருந்தால் கட்டிவிட முடியாது. வனம், வேளாண் பொறியியல், கனிமவளம் போன்ற துறைகளின் கருத்தும் வேண்டும். யானைகள் இறங்கும் ஊர்களில் இது வெறும் காகித வேலை அல்ல. காவல் தளர்ந்தால் என்னவாகும் என்பதற்கு வடக்கே உள்ள தடாகம் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். செங்கல் சூளைகளுக்காகச் செம்மண் வெட்டியதில் நிலம் பள்ளமாகி, ஓடைகளின் போக்கே கெட்டது. 2021-இல் நூற்றுக்கும் மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன. வெட்டிய மண் திரும்பவில்லை.

உள்ளாட்சியின் கையிலேயே இருக்கும் கருவி 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம். ஒவ்வோர் உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, ஊர் மக்களிடம் கேட்டு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். ஆனால் பல ஊர்களில் அது பெயருக்கு எழுதப்பட்டு அலமாரியில் கிடக்கிறது. இதே சட்டத்தின் கீழ்தான் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சமணர் படுக்கை, தமிழ்-பிராமிக் கல்வெட்டு, பாண்டியர் குடைவரை, குளங்கள் எல்லாம் சேர்ந்த இடம் அது. டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் அப்பகுதியும் சேர்ந்தபோது, அந்த அறிவிப்பும் கிராம சபைத் தீர்மானங்களும் மக்களின் போராட்டத்துக்கு வலுச் சேர்த்தன. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

தொண்டாமுத்தூர் பேரூராட்சி என்பதால் அங்கே கிராம சபை கிடையாது. மன்ற உறுப்பினர் வழியாகக் கேட்கலாம். சுற்றியுள்ள ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். செல்பவர்கள் குட்டை, ஓடை, பழைய கல்வெட்டு, அடக்கத்தலம் எதுவானாலும் அதன் சர்வே எண்ணோடு தீர்மானம் எழுதச் சொல்லி, நகலைக் கையோடு வாங்கிக்கொள்வது நல்லது.