பறிகொடுத்தவரும் ஊர்க்காவலும்

தாணேயில் வாழும் தமிழ் மக்களுள், கல்யாணுக்கு அப்பாலுள்ள முர்பாடு, ஷஹாபூர் தாலுகாக்களின் சிற்றூர்களை அறிந்தவர் சிலரே. அவ்வூர்களில் களவோ அடிதடியோ நேர்ந்தால், தொலைவிலுள்ள போலீஸ் ஸ்டேஷனுக்குச் செய்தி அனுப்பும் கடமை போலீஸ் பாட்டீலுடையது. தமிழ்நாட்டில் 1980 வரை இருந்த கிராம முன்சீபை ஒருவாறு ஒத்த பதவி இது.

பேஷ்வா ஆட்சி 1818-இல் முடிந்தபின் மராட்டிய நாட்டை நிர்வகித்த எல்பின்ஸ்டன், பாட்டீலின் பழைய பொறுப்பை விரிவாக எழுதிவைத்தார். களவு நிகழ்ந்ததும் ஊர்க்காவலன் கள்வனின் அடிச்சுவட்டைப் பின்பற்றிச் செல்வான். சுவடு அடுத்த ஊர் எல்லையைத் தாண்டினால், அவ்வூர்க் காவலன் அதனை ஏற்றுக்கொள்வான். சுவடு எங்கே மறைந்ததோ அவ்வூரே பொறுப்பு. காவலன் தன்னால் இயன்றதை ஈடு செய்வான். எஞ்சியதை ஊரார் அளிப்பர். ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனில் ஹம்முராபி விதித்த சட்டமும் இதையே கூறியது என்பது வியப்புக்குரியது.

தமிழகத்திலும் காவல் வரி பெற்றவர்கள், களவு போன பொருளை மீட்டுத் தராவிடில் அதன் விலையைத் தரக் கடமைப்பட்டிருந்தனர். ஆயினும் இம்முறையைப் பொற்காலமாகப் போற்ற நமக்கு மனம் வரவில்லை. மாடுகளைக் கவர்ந்தவர்களே துப்புக்கூலி பெற்றுத் திருப்பித் தந்த கதைகள் பல. இவ்வாறு ஈடு வாங்குவது நியாயமற்றது என்பதை எல்பின்ஸ்டனே உணர்ந்தார். அன்றியும், அது பொருளுக்கே ஈடு தந்தது. அடிபட்ட உடலுக்கும் கலங்கிய உள்ளத்துக்கும் அன்று.

1867-இல் வந்த பம்பாய் கிராமப் போலீஸ் சட்டம் பாட்டீலைச் சர்க்காரின் செய்தியாளராக ஆக்கிற்று. பழைய ஈட்டுக் கடமை நாளடைவில் மறைந்தது. வழக்கு சர்க்காருக்கும் குற்றவாளிக்கும் இடையே நடந்தது; பறிகொடுத்தவர் வெறும் சாட்சியானார். 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி அபராதத்தில் ஒரு பங்கு அவருக்குக் கிடைக்கலாம். ஆனால் கள்வன் அகப்படாவிடில் அபராதம் ஏது?

நியூஜிலாந்து 1963-இல் இயற்றிய சட்டத்தின் மூலமும், பிரிட்டன் 1964-இலும் பாதிக்கப்பட்டோருக்குப் பொதுப்பணத்திலிருந்து ஈடு தரத் தொடங்கின. இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்த 357அ பிரிவு அதற்கு வழி செய்தது. குற்றவாளி இன்னாரெனத் தெரியாவிடினும் ஈடு கோரலாம். ஸ்டேஷன் பொறுப்பதிகாரி சான்றளித்தால் உடனடி முதலுதவியும் கிட்டும். மகாராஷ்டிரம் 2014-இல் தன் திட்டத்தை வகுத்தது. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்திலும் அவ்வுரிமை தொடர்கிறது.

ஆனால் மனு செல்லவேண்டிய இடம் மாவட்டச் சட்டப்பணி ஆணையம். 1967-இன் மகாராஷ்டிர கிராமப் போலீஸ் சட்டமோ, குற்றத்தைத் தெரிவிப்பதையும் குற்றவாளியைப் பிடிக்க உதவுவதையும் பாட்டீலின் கடமைகளுள் வைத்தது. அப்படியொரு மனு உண்டென்பதையே அறியாத முர்பாட்டு உழவருக்கு அதனை யார் எடுத்துரைப்பது? அவர் வீட்டுக்கு அருகில் இருப்பவர் பாட்டீல்தான்.