டோர்ட் பேரவையும் மனித சித்தத்தின் சுயாதீனமும்

இறைவன் சர்வ வல்லவர். அவரது சித்தமின்றி எதுவும் நிகழாது. மனிதனோ தன் செயல்களுக்குத் தானே பொறுப்பாளி. ஆதலால் தெரிவுசெய்யும் சுயாதீனம் அவனுக்கு இருத்தல் வேண்டும். கிறிஸ்தவ சமயம் ஒருங்கே வலியுறுத்தும் இவ்விரு கூற்றுக்களும் எங்ஙனம் இணங்கும் என்ற வினா, ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்தீனும் பெலாஜியசும் கொண்ட கருத்து மாறுபாட்டிலேயே கூர்மையடைந்துவிட்டது. எனினும், அவ்வினா ஓர் அரசையே உலுக்கியமை பதினேழாம் நூற்றாண்டின் ஒல்லாந்திலேயாகும்.

1603ஆம் ஆண்டு லைடன் பல்கலைக்கழகத்தில் இறையியற் பேராசிரியரான ஆர்மினியஸ், கல்வினின் வழிவந்தோர் போதித்த முன்நியமனக் கோட்பாட்டை ஆராய முற்பட்டார். இறைவன் இன்னார் மீட்படைவர், இன்னார் அழிவர் என முன்னரே நியமித்துவிட்டார் எனின், பாவத்துக்கும் அவரே காரணராவார் அன்றோ என்பது அவரது ஐயம். இறையருளின்றி மனிதன் விசுவாசிக்க இயலான். ஆயினும் அவ்வருளை மறுக்க அவனால் இயலும் என்றார் அவர். சக பேராசிரியரான கோமாரஸ் இதனை வன்மையாக எதிர்த்தார். மீட்பு ஈற்றில் மனிதனின் முடிவிலேயே தங்கியிருக்குமாயின் அருள் அருளாகாது என்பது அவர் தரப்பு. ஒருவர் இறைவனின் நீதியையும் மற்றவர் அவரது அருளையும் காக்க முயன்றனர் எனலாம்.

ஆர்மினியஸ் 1609இல் மறைந்தார். மறு ஆண்டில் அவரைப் பின்பற்றியோர் ஐந்து கூற்றுக்கள் கொண்ட முறையீடொன்றை ஒல்லாந்து மாகாண சபைக்குச் சமர்ப்பித்தனர். ஸ்பானியாவுடன் 1609இல் போர்நிறுத்தம் செய்வதில் முன்னின்ற அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் அவர்களை ஆதரித்தார். அப்போர்நிறுத்தத்தை விரும்பாத படைத்தலைவர் மோரிஸ் இளவரசர் எதிர்த்தரப்பினருடன் இணைந்தார். இவ்வாறு சமய விவாதம் அதிகாரப் போட்டியுடன் பின்னிப் பிணைந்தது. 1618 ஆகஸ்டில் ஓல்டன்பார்னவெல்ட் கைதானார்.

அதே ஆண்டு நவம்பரில் டோர்ட் நகரில் திருச்சபைப் பேரவை கூடியது. இங்கிலாந்து, ஜெனீவா முதலிய இடங்களின் பிரதிநிதிகளும் அதிற் கலந்துகொண்டனர். ஆர்மினியசின் வழியினர் அங்கு உறுப்பினராக அன்றி, விசாரிக்கப்படுவோராகவே அழைக்கப்பட்டனர். 1619 ஜனவரியில் வெளியேற்றவும் பட்டனர். அவர்களது கருத்துக்கள் கண்டிக்கப்பட்டன. ஏறத்தாழ இருநூறு போதகர்கள் பதவியிழந்தனர். 1619 மே 13ஆம் திகதி, எழுபத்தொரு வயதான ஓல்டன்பார்னவெல்ட் ஹேக் நகரிற் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

இங்கு முரண்பாடொன்று நோக்கற்பாலது. மனித சித்தத்தின் சுயாதீனத்தைப் பேசியோர், திருச்சபை மீது அரசுக்கு மேலாண்மை உண்டென்றனர். இறைவனின் இறைமையைப் பேசியோர், திருச்சபை தன் கோட்பாட்டைத் தானே தீர்மானிக்க வேண்டும் என்றனர். ஆயினும் இளவரசரின் வாள்வலிமையே அவர்களுக்கு வெற்றியளித்தது. இரு தரப்பினரும் தத்தம் கொள்கையை நடைமுறையில் முழுமையாக நம்பினர் எனக் கூறுதல் அரிது.

ஆனால் வாளால் அவ்வினாவைத் தீர்க்க முடியவில்லை. 1625இல் மோரிஸ் இறந்தபின் நாடுகடத்தப்பட்டோர் படிப்படியாகத் திரும்பினர். 1634இல் அம்ஸ்ரடாமில் தமக்கென ஓர் இறையியற் கல்லூரியையும் நிறுவினர். இலங்கையும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கொணர்ந்தது டோர்ட் பேரவையின் கோட்பாட்டை ஏற்ற திருச்சபையையே. 1814இல் இங்கு வந்த வெஸ்லியன் மிஷனரிமாரோ, ஆர்மினியசின் கருத்தைத் தழுவிய ஜோன் வெஸ்லியின் வழியினர். டோர்ட்டிலே ஒரே அவையில் உறுப்பினராக அமர இயலாத இரு மரபுகளும் ஈற்றில் ஒரே மண்ணில் வேரூன்றின. அதிகாரம் ஒரு விவாதத்தை நிறுத்தலாம். மனச்சாட்சியை இணங்கவைத்தல் அதற்கு இயலாது என்பதே டோர்ட் புகட்டும் பாடமாகும்.