மாணவர் பந்தயக் கார் அணிகள்

பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஒற்றை இருக்கை கொண்ட பந்தயக் காரைத் தாங்களே வடிவமைத்து, செய்து, போட்டியில் ஓட்டுவதற்காக அமைத்துக்கொள்ளும் குழுக்கள் மாணவர் பந்தயக் கார் அணிகள் எனப்படுகின்றன. தமிழ்நாட்டில் சென்னை ஐ.ஐ.டி.யின் ரஃப்தார், வேலூர் வி.ஐ.டி.யின் பிரவேகா, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் கேம்பர் ரேசிங் ஆகியவை அறியப்பட்ட அணிகள். இந்த வேலை தேர்வில் கேட்கப்படுவதில்லை. மாலையையும் விடுமுறையையும் எடுத்துக்கொள்கிறது. கையில் எண்ணெய்க் கறை போவதில்லை. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்கள் சேர்கிறார்கள். அதன் காரணத்தைப் புரிந்துகொள்ள, போட்டி தோன்றிய விதத்திலிருந்து தொடங்கலாம்.

தோற்றம்

1979-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் 'மினி இண்டி' என்ற போட்டி நடந்தது. பாப்புலர் மெக்கானிக்ஸ் இதழில் வந்த ஒரு செய்முறைக் கட்டுரைதான் அதற்குத் தூண்டுதல். மரத்தாலான சிறிய வண்டி, 5 குதிரைத்திறன் எஞ்சின். அந்தப் போட்டி ஓராண்டோடு நின்றது. 1981-ல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர்கள் அதை வேறு வடிவில் எடுத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்ற விதி வேண்டாம், எஞ்சினிலும் கைவைக்க உரிமை வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அதிலிருந்து 'ஃபார்முலா எஸ்.ஏ.இ.' பிறந்தது. போட்டியைக் கேட்டு வாங்கியவர்கள் மாணவர்களே என்பது குறிப்பிடத்தக்கது.

1998-ல் அது ஃபார்முலா ஸ்டூடண்ட் என்ற பெயரில் இங்கிலாந்துக்கு வந்தது. ஜெர்மனியில் 2006 முதல் ஹாக்கன்ஹைம் தடத்தில் நடக்கிறது.

விதிகளில் ஒன்று சுவையானது. பெட்ரோல் எஞ்சினுக்குள் செல்லும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் செல்லவேண்டும். பெரிய எஞ்சின் வாங்கிப் பொருத்தினாலும் மூச்சு அவ்வளவுதான். பணத்தால் வேகத்தை வாங்கிவிட முடியாதபடி வைத்த பூட்டு இது. இந்திய அணிகள் பல, கே.டி.எம். 390 டியூக் பைக்கின் 373 சி.சி. எஞ்சினையே எடுத்துக்கொள்கின்றன.

தமிழ்நாட்டில்

மாணவர்கள் வருவதற்கு முன்பே தமிழ்நாட்டில் பந்தயத்துக்கு வேர் இருந்தது. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல பத்தாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் அமைந்தது.

கோவையின் எஸ். கரிவரதன் மில் குடும்பத்தில் பிறந்தவர். 1988-ல் மாருதி காரின் உறுப்புகளைக் கொண்டு 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை அறிமுகம் செய்தார். வெளிநாட்டிலிருந்து கார் இறக்க வசதியில்லாத இளைஞர்களும் பந்தயத்துக்கு வர அதனால் வழி ஏற்பட்டது. 2005-ல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் அந்தக் காரை ஓட்டியவரே. கரிவரதன் 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயர் தாங்கியது. ஃபார்முலா பாரத் என்ற மாணவர் போட்டி ஜனவரி மாதங்களில் அங்கு நடந்துவருகிறது. கிடைக்கும் பொருளைக்கொண்டு கார் செய்தவரின் பெயருள்ள தடத்துக்கு மாணவர்கள் தாங்கள் செய்த காரைக் கொண்டுவருவது பொருத்தம்தான்.

இந்தியாவில் மாணவர்களுக்கான வாகனப் போட்டி 2007-ல் பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா மூலம், மேடுபள்ளத்தில் ஓடும் வண்டிகளோடு தொடங்கியது. 2011-ல் சுப்ரா எஸ்.ஏ.இ. இந்தியா வந்தபோது அதன் களம் இருங்காட்டுக்கோட்டை. இப்போது மின்சாரக் கார்களின் பக்கம் திருப்பம் ஏற்பட்டுள்ளது. ரஃப்தார் அணி 2022 நவம்பரில் ஆர்.எஃப்.23 என்ற தன் முதல் மின்சாரக் காரை வெளியிட்டது. அதைச் செய்தவர்கள் பத்துத் துறைகளைச் சேர்ந்த 45 மாணவர்கள்.

ஏன் சேர்கிறார்கள்

முதலாண்டு மாணவரைக் கேட்டால் வேகம் என்பார். தொலைக்காட்சியில் பார்த்த ஃபார்முலா ஒன், ஸ்டீரிங்கைப் பிடிக்கும் ஆசை. சேர்ந்த பிறகு கிடைப்பது வேறு. இரும்புக் குழாயை அரம் வைத்து ராவுவது, போல்ட் நட்டுக் கணக்கு எழுதுவது, நிதி கேட்டு நிறுவனங்களுக்குக் கடிதம் போடுவது, பட்டறையைக் கூட்டுவது. அணியில் நாற்பது பேர் இருந்தால் காரை ஓட்டுபவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். வேகத்துக்காக வந்தவர்கள் ஒரு பருவத்துக்குள் நின்றுவிடுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தங்கிவிடுபவர்களின் காரணம் வேறு. வகுப்பில் ஒரு தண்டின் மீது எவ்வளவு விசை, அது தாங்குமா என்ற கணக்கு தரப்படும். புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை இருக்கும். அணியில் அதே கணக்கு சஸ்பென்ஷன் கம்பியாக வருகிறது. விடையைச் சொல்வது கம்பிதான். தவறாகப் போட்டால் திருப்பத்தில் மடங்கும், உள்ளே உட்கார்ந்திருப்பது நண்பன். நான்காண்டுப் படிப்பில் தன் கணக்கை நம்பி இன்னொருவர் உட்காரும் இடம் பெரும்பாலான மாணவர்களுக்கு இது ஒன்றே. சீனியர் கற்றுத்தருவதும் ஆசிரியர் கற்றுத்தருவதும் ஒன்றல்ல. சீனியர் போன ஆண்டு அதே இடத்தில் தவறியவர்.

வேலைவாய்ப்பும் காரணம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடமும் ஹூண்டாய் ஆலையும் ஒரே ஊரில் இருக்கின்றன. நேர்முகத் தேர்வில் "நீ என்ன செய்தாய்?" என்ற கேள்விக்குக் காட்ட ஒரு கார் இருப்பது பெரிய துணை. வருகைப்பதிவு குறைவதும் அரியர் விழுவதும் அதன் விலை.

சோதனை

தடத்தில் இறங்குமுன் தொழில்நுட்பச் சோதனை உண்டு. காரை 60 டிகிரி சாய்ப்பார்கள். எரிபொருளோ எண்ணெயோ ஒரு சொட்டும் ஒழுகக்கூடாது, சக்கரம் மேடையை விட்டு எழக்கூடாது. ஓட்டுநர் 5 விநாடிக்குள் காரிலிருந்து வெளியேறிக் காட்டவேண்டும். பிரேக் மிதித்தால் நான்கு சக்கரமும் ஒருசேர நிற்கவேண்டும். ஓராண்டு உழைத்த கார் இந்தக் கட்டத்தைத் தாண்டாமல் லாரியில் ஏறித் திரும்புவதும் உண்டு. தாண்டினாலும், ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீண்ட ஓட்டத்தை முடிக்காத கார்கள் எந்த நாட்டிலும் ஏராளம்.

மொத்தம் 1000 புள்ளிகள். அவற்றில் 325, கார் ஓடாமலே தரப்படுபவை: வடிவமைப்பு விளக்கம், செலவுக் கணக்கு, வணிகத் திட்டம். ஒவ்வோர் உறுப்பையும் காட்டி "ஏன் இப்படி?" என்று தொழில்துறைப் பொறியாளர்கள் கேட்பார்கள். "சீனியர் அப்படிச் செய்தார்" என்பது பதிலாகாது.

செஞ்சியிலிருந்து பார்க்கையில்

இந்த 325 புள்ளியில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. அறிக்கையும் விளக்கமும் ஆங்கிலத்தில். விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி போன்ற ஊரை எடுத்துக்கொள்வோம். தேசிங்கு ராஜன் அடங்காத குதிரையை அடக்கிய கதையைக் கேட்டு வளரும் பிள்ளைகள், நெல் வண்டிகள் வந்துபோகும் ஊரில் டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் பிரித்துப் பூட்டுவதைச் சிறுவயதிலேயே பார்த்தவர்கள். ஸ்பேனர் அளவைக் கண்ணால் சொல்லும் பிள்ளை அங்கே அபூர்வமல்ல. அந்தப் பிள்ளை அணியில் சேர்ந்தால் வெல்டிங் இடத்தில் நிற்கும். நடுவர் முன் பேச வேறொருவர் போவார். சான்றிதழில் இருவர் பெயரும் வரும், ஆனால் பேசக் கற்றவர் ஒருவர் மட்டுமே.

2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. கல்விக் கட்டணத்தை அரசே ஏற்றது. அதனால் இத்தகைய அணிகள் உள்ள கல்லூரிகளுக்குள் ஊர்ப்புற மாணவர்கள் நுழைய வழி பிறந்தது. கோவைக்குக் காரை ஏற்றிச்செல்லும் செலவில் ஒவ்வொருவரும் போடும் பங்கும், அங்கே தங்கும் செலவும் கட்டணத்தில் சேர்வதில்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள் உள்ளன. செஞ்சி மாணவருக்கு அவை பேருந்துத் தொலைவு. கடைசிப் பேருந்தைப் பிடிக்கவேண்டியவர் இரவுப் பட்டறையில் எத்தனை மணிவரை நிற்கமுடியும் என்பதையும் அணித்தலைவர்கள் கணக்கில் எடுக்கவேண்டும்.

போட்டி முடிந்ததும் பல அணிகள் காரை வைத்துப் போற்றுவதில்லை. எஞ்சினையும் சக்கரங்களையும் கழற்றி அடுத்த காருக்கு எடுத்துக்கொள்கின்றன. சட்டகம் பட்டறைச் சுவரில் சாய்ந்து நிற்கும். அடுத்த ஜூலையில் வரும் முதலாண்டு மாணவருக்குப் பெரும்பாலும் அதைத்தான் முதலில் காட்டுகிறார்கள், எந்த இணைப்பில் விரிசல் விட்டது என்று.