நாலாவது குழந்தை

நான் குடியிருக்கும் அண்ணனூருக்கு அடுத்த ஸ்டேஷன் ஆவடி. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை அங்கே கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயமே லட்சியம் என்று தீர்மானம் போட்டது. இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் அதைப் பற்றிச் சொல்லுவார்கள். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால், 1952 நவம்பரில், பம்பாயில் இன்னொரு மகாநாடு நடந்தது. நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பிள்ளை பெறலாம் என்பதுதான் அங்கே பேச்சு. ஆவடித் தீர்மானம் எங்கள் வீட்டு அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பம்பாயில் பேசியது படுக்கையறை வரைக்கும் வந்துவிட்டது. ஆனாலும் அதை நினைவு வைத்திருப்பவர் அநேகமாக யாருமில்லை.

அதைக் கூட்டியவர் தன்வந்தி ராமராவ். சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜில் படித்து, ராணி மேரிக் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்த அம்மையார். அமெரிக்காவிலிருந்து மார்கரெட் ஸாங்கர் வந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். 1935 டிசம்பரில் வார்தாவுக்குப் போய்க் காந்திஜியிடம் வாதாடிப் பார்த்தவரும் அவர்தான். காந்திஜி பிரம்மசரியம் ஒன்றே வழி என்று சொல்லி அனுப்பிவிட்டார். பம்பாயில் அப்படிச் சொல்ல ஆளில்லை. சர்வதேசக் குடும்பத் திட்டச் சம்மேளனம் அங்கேதான் பிறந்தது. அந்தச் சமயத்தில் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் இதற்கென்று 65 லட்சம் ரூபாய் ஒதுக்கியாகிவிட்டது. உலகத்திலேயே ஒரு சர்க்கார் இந்தக் காரியத்தைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டது அதுவே முதல் தடவை.

இந்த வேலைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் ஆர். ஏ. கோபாலசாமி, ஐ.சி.எஸ். 1951-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்குக் கமிஷனர் அவர். தேசத்தில் 36 கோடிப் பேர் என்று எண்ணி முடித்தார். அதோடு விட்டிருந்தால் நான் இந்தக் கட்டுரை எழுதியிருக்கமாட்டேன். தமது அறிக்கையில் அவர் ஒரு புதுச் சொல்லைப் புகுத்தினார். தமிழில் சொன்னால், முன்யோசனையற்ற தாய்மை. ஏற்கெனவே மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ பெற்று, அதில் ஒன்றாவது உயிரோடு இருக்க, மேலும் ஒன்று பெறுகிறவள் முன்யோசனை இல்லாதவள். நூறு பிரசவத்தில் நாற்பதுக்குக் குறையாமல் இப்படித்தான் என்று கணக்கிட்டு, அதை ஐந்துக்குக் கீழே இறக்கவேண்டும் என்றார்.

அந்த இலக்கணத்தை மறுபடி வாசித்துப் பாருங்கள். மூன்று பெற்றவளுக்கு ஒன்று மிஞ்சினால் போதும் என்கிறது. என் தகப்பனார் பம்பாய் மகாநாடு நடந்த அதே வருஷம் பிறந்தவர். எங்கள் பாட்டிக்கு நாலாவது பிள்ளை. முதல் மூன்றில் இரண்டைப் பாட்டி மண்ணுக்குக் கொடுத்திருந்தாள். தொட்டிலில் ஒன்றுதான் மிச்சம். தேசத்தில் பிறக்கும் பிள்ளைகளில் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில், முதல் ஆண்டு நிறைவைக்கூடக் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. பாட்டியிடம் யோசனை இல்லாமலில்லை. அவளுடைய யோசனைக்கு அறிக்கையில் இடமில்லை, அவ்வளவுதான்.

கோபாலசாமியைக் கொடியவர் என்று சொல்லமாட்டேன். 1943 வங்காளப் பஞ்சத்தைக் கண்ட தலைமுறை அது. நெல் மூட்டையையும் வாய்களையும் கூட்டிக் கழித்துப் பார்த்துப் பயந்துபோனார்கள். ஆனால் பயந்தவர்கள் கையில் அதிகாரமும் இருந்தது. கோபாலசாமி பின்னால் சென்னை ராஜ்யத்துக்கே தலைமைச் செயலாளராக வந்தார். 1950-களின் பிற்பகுதியில், ஆபரேஷன் செய்துகொள்ளும் ஏழைகளுக்குக் கூலி நஷ்டத்துக்கும் வண்டிச் செலவுக்கும் என்று சிறு தொகை கொடுக்கும் முறையைத் தேசத்துக்கே முன்னோடியாகத் தொடங்கியது சென்னைதான். ஆள் பிடித்துக் கொண்டுவருகிறவர்களுக்கும் காசு உண்டு.

இதே சென்னையில் இருபது, இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பே இந்தப் பேச்சு நடந்திருக்கிறது. ஹைகோர்ட் நீதிபதி ஸர் வேப்பா ராமேசம் போன்ற கனவான்கள் நவீன மால்தூஸியச் சங்கம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு, தேசத்தின் தரித்திரத்துக்கு மருந்து இதுவே என்று பத்திரிகை நடத்தினார்கள். அதே காலத்தில், 1930 வாக்கில், பெரியார் ‘குடி அரசி’ல் கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதினார். கனவான்கள் சொன்ன நியாயங்களை அவர் சொல்லவில்லை. தேச நலம், குடும்பச் சொத்து, தாயின் தேக சௌக்கியம் என்ற காரணங்கள் எல்லாம் மற்றவர்களுடையவை, தம்முடைய காரணம் பெண்ணின் விடுதலை என்று பிரித்துக் காட்டினார். பெரியாரின் மற்றக் கருத்துக்களை ஒப்பாதவர்களும் இதை ஒருமுறை படிக்கவேண்டும். உலக மகாநாடுகள் அந்த இடத்துக்கு வந்துசேர அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

வழியில் நடந்ததும் கொஞ்சமில்லை. 1954-ல் ரோமிலும் 1965-ல் பெல்கிரேடிலும் நிபுணர்கள் கூடினார்கள். 1974-ல் புகாரெஸ்டில் சர்க்கார்களே கூடியபோது நம் சுகாதார மந்திரி கரண் சிங், வளர்ச்சியைவிடச் சிறந்த கருத்தடை கிடையாது என்று பேசிக் கைதட்டல் வாங்கினார். இரண்டே வருஷம். 1976 ஏப்ரலில் அதே மந்திரி வெளியிட்ட கொள்கை, ராஜ்யங்கள் விரும்பினால் கட்டாய ஆபரேஷனுக்குச் சட்டம் போடலாம் என்றது. அந்த ஒரு வருஷத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் கத்தி வைத்தார்கள். இதை ஒரு நாவலில் எழுதினால், பாத்திரம் இவ்வளவு சீக்கிரம் மாறுமா என்று விமரிசகர்கள் என்னைக் கேட்பார்கள்.

1994-ல் கெய்ரோவில் 179 தேசங்கள் கூடி, இலக்கத்தை விட்டுவிட்டுப் பெண்ணின் ஆரோக்கியத்தையும் விருப்பத்தையும் பார்க்கவேண்டும் என்றன. 1996-ல் இந்தியாவும் ஜில்லாவுக்கு இத்தனை ஆபரேஷன் என்ற இலக்கை எடுத்துவிட்டது. அதற்குள் தமிழ்நாட்டுப் பெண்கள் தாங்களே முடிவு செய்திருந்தார்கள். பிறந்த பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, சத்துணவு வந்தது, அம்பத்தூர்ப் பக்கம் தையல் கம்பெனிகளில் அவர்களுக்கென்று மாதச் சம்பளம் வந்தது. 2020-ஆம் வருஷக் கணக்கில், ஆயிரம் பிள்ளைகளில் முதல் வருஷத்துக்குள் இறப்பது 13. ஒரு பெண் பெறுவது சராசரி 1.4.

இப்போது காற்று திரும்பி அடிக்கிறது. ஜனத்தொகை குறைந்தால் பார்லிமெண்டில் ஸ்தானமும் குறையுமே என்று தென்னாட்டுத் தலைவர்களுக்குக் கவலை. கவலை பொய்யல்ல. 41-ஆக இருந்த நம் ஸ்தானங்கள் 1967-ல் 39-ஆகச் சுருங்கின. 2024 அக்டோபரில் அப்போதைய முதலமைச்சர் ஒரு கல்யாண மேடையில், பதினாறு பிள்ளை பெறலாமே என்று சொல்லும் நிலைமை வந்துவிட்டதே என்றார். ஆந்திராவில், இரண்டுக்கு மேல் பெற்றவர் உள்ளூர்த் தேர்தலில் நிற்கக்கூடாது என்றிருந்த சட்டத்தை அந்த வருஷமே எடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் எங்கள் தெருவில் ஒரு பெண்ணிடம் சொன்னேன். அம்பத்தூருக்கு வேலைக்குப் போகிறவள், ஒரே மகன். காலை வண்டிக்கு நேரமாகிவிட்டிருந்தது. “எல்.கே.ஜி. ஃபீஸை அவங்க கட்டுவாங்களா, சார்?” என்று கேட்டுவிட்டு ஸ்டேஷனைப் பார்க்க நடந்தாள்.