முழங்கால் குருத்தெலும்பு: நட்ட பிறகு என்ன ஆகிறது?

1743-ல் வில்லியம் ஹன்டர் என்ற இளம் மருத்துவரின் கட்டுரை ஒன்றை லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்டது. குருத்தெலும்பு புண்ணானால் பெரும் தொல்லை, ஒருமுறை அழிந்தால் திரும்ப வராது, இது ஹிப்போகிரட்டீஸ் காலம் தொட்டு எல்லோரும் ஒப்புக்கொண்டது என்று அதில் எழுதினார். இந்தத் துறையில் இன்றைக்கும் பலர் அவரிடமிருந்துதான் தொடங்குகிறார்கள்.

நம்ம ஊரில் "முட்டியில ஜவ்வு போயிடுச்சு" என்பார்கள். அது லிகமென்டாகவும் இருக்கலாம், மெனிஸ்கஸாகவும் இருக்கலாம். நான் சொல்வது அவை இரண்டையும் அல்ல. எலும்பு முனையில் வழவழவென்று ஒட்டியிருக்கும், சில மில்லிமீட்டர் கனமுள்ள குருத்தெலும்பு. ரத்தக்குழாய் இல்லை, நரம்பும் இல்லை. ரத்தமே வராத இடத்தில் காயம் எப்படி ஆறும்?

2016-ல் இதற்கு ஒரு அழகான சான்று வந்தது. 1950, 60-களின் அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கார்பன்-14 எகிறியது. எந்தத் திசு எப்போது உருவானது என்பதை அந்தத் தடயத்தை வைத்துக் கணிக்கலாம். முழங்கால் குருத்தெலும்பை அப்படிச் சோதித்தால், அதன் கொலாஜன் வளரும் வயதில் உருவானதோடு சரி, அப்புறம் கிட்டத்தட்ட புதுப்பிக்கப்படுவதே இல்லை. ஹன்டர் சொன்னது 273 வருஷம் கழித்து உறுதியானது!

தானா வராதென்றால் வெளியிலிருந்து வைக்கலாமே? இதற்கு இரண்டு வழிகள் உருவாயின.

ஒன்று, எலும்போடு சேர்த்துத் துண்டாக வைப்பது. 1908-ல் ஜெர்மனியின் எரிக் லெக்ஸர் பிறருடைய மூட்டை மாற்றி வைத்ததைப் பற்றி எழுதினார். 1970-களில் டொராண்டோவில் ஆலன் கிராஸ் குழு இதை முறையாகச் செய்தது. வைத்த பிறகு ஒரே துண்டுக்குள் இரண்டு கதை நடக்கிறது. அடியிலுள்ள எலும்பைப் பெற்றவரின் எலும்பு மெல்ல ஊடுருவித் தனதாக்கிக்கொள்கிறது. மேலேயுள்ள குருத்தெலும்பில் கொடுத்தவரின் செல்களே தொடர்ந்து வாழ்கின்றன. ரத்தக்குழாய் இல்லாத குறையே இங்கே பாதுகாப்பு, நோயெதிர்ப்புச் செல்கள் எளிதில் நெருங்க முடியாது. அதனால்தான் துண்டை உறைய வைப்பதில்லை, உறைந்தால் செல்கள் பெரும்பாலும் செத்துவிடும். 29 வருஷம் கழித்தும் கொடுத்தவரின் செல்கள் உயிரோடிருந்த ஒரு நோயாளியின் குறிப்பு 2007-ல் வெளியானது.

இரண்டாவது, விதை போடுவது. 1987-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் பிரிட்பெர்க், பீட்டர்சன் குழுவினர் நோயாளியின் சொந்தச் செல்களை எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, பள்ளத்தில் விட்டு, எலும்புறையால் மூடித் தைத்தார்கள். 23 பேரின் முடிவு 1994-ல் வந்தது.

இங்கே நடப்பட்டது குருத்தெலும்பே அல்ல, செல்கள்தான். முதல் சில வாரம் செல்கள் பெருகும், திசு கூழ் மாதிரி இருக்கும். ஆறு மாதத்துக்குள் பள்ளம் நிரம்பும், ஆனால் மெத்தென்றுதான் இருக்கும். கெட்டிப்பட ஒன்று முதல் மூன்று வருஷம்கூட ஆகலாம். வலி குறைந்ததும் ஓடக்கூடாது என்பது இதனால்தான். வலி போகும் வேகமும் திசு முதிரும் வேகமும் ஒன்றல்ல.

முதிர்ந்து என்னவாகிறது? அசல் குருத்தெலும்பில் இரண்டாம் வகை கொலாஜன். தழும்பு போன்ற நார்க் குருத்தெலும்பில் முதல் வகை அதிகம், அவ்வளவு தாங்காது. பயாப்ஸியில் சிலருக்கு அசல் போன்றது, சிலருக்கு நார், பலருக்கு இரண்டும் கலந்தது.

2004-ல் நார்வேயில் 80 பேரை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். ஒரு பாதிக்குச் செல் நடவு. மறுபாதிக்கு எலும்பில் சிறு துளைகள் போட்டு ரத்தத்தை வரவழைக்கும் மலிவான மைக்ரோஃப்ராக்சர். இரண்டு வருஷத்தில் திசுவின் தரத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஐந்து வருஷத்தில் இரண்டு பக்கமும் தலா 9 பேருக்குத் தோல்வி.

அப்படியென்றால் வீணா? இல்லை. முறைகள் அதற்குப் பிறகும் மாறியிருக்கின்றன. எலும்புறை போய் கொலாஜன் படலம் வந்தது, 2016 டிசம்பரில் அமெரிக்கா அப்படி ஒன்றை அனுமதித்தது. ஆனால் "புது முட்டி" என்ற விளம்பரத்தைப் பார்த்து யாராவது கிளம்பினால் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: வைக்கப்போவது திசுவா, செல்லா? இரண்டு வருஷம் கழித்து அது என்னவாக இருக்கும்? முதல் கேள்விக்கு மருத்துவர் உடனே பதில் சொல்லிவிடுவார். இரண்டாவதற்கு உறுதியாகப் பதில் சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கலாம்.