துத்தநாகக் காசும் கிழித்துக் கொடுத்த சதமும்

ஊவாவுக்கும் போர்க்கால ஜேர்மன் காசுக்கும் என்ன உறவு என்று கேட்டால், எல்லவிலிருந்து ரயிலேறி பண்டாரவளையைத் தாண்டித் தியத்தலாவையில் இறங்கித்தான் தேட வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் 1900 ஆகஸ்டில் போவர் போர்க் கைதிகளுக்கான முகாம் திறக்கப்பட்டது. தென்னாபிரிக்காவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட கைதிகள் ஏறத்தாழ 5,000 பேர். அவர்களில் டிரான்ஸ்வாலைச் சேர்ந்தோருக்குப் பழக்கமான காசு, ஜனாதிபதி குரூகரின் முகம் பதித்தது. 1892இல் அதற்கு அச்சு வெட்டியது பேர்லின் நாணயசாலை. செதுக்கியவர் ஒட்டோ ஷுல்ட்ஸ். அவர் போவர்களின் மாட்டு வண்டிக்கு ஜேர்மன் பாணியில் இரண்டு ஏர்க்கால் வைத்துவிட்டார். அவர்களுடைய வண்டிக்கோ ஒன்றுதான். பதுளை வீதியில் இரட்டை மாட்டுக் கரத்தை ஓட்டிய எவரும் பார்த்தவுடன் சிரித்திருப்பார்.

1914இல் அதே தியத்தலாவையில் ஜேர்மன் குடிமக்கள் அடைக்கப்பட்டனர். அவர்களில் இன்றும் பெயர் சொல்லப்படுபவர், 1911இல் பொல்கஸ்துவ தீவில் ஆசிரமம் அமைத்த ஞானதிலோக தேரர். 1915இல் அவரும் சீடர்களும் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். 1939இல் மீண்டும் தியத்தலாவை. இம்முறை சீடர் ஞானபோனிக தேரரும் உடன் இருந்தார். பின்னர் அங்கிருந்து டெஹ்ராடூன் முகாம். விடுதலை பெற்றுத் திரும்பியது 1946இல். பொன்னையும் வெள்ளியையும் கையால் தொடக்கூடாது என்பது பிக்குகளின் விதி. ஊவாவின் மிகப் புகழ்பெற்ற ஜேர்மன் கைதிகளிடம் நாணயம் தேடிப் பயனில்லை.

முகாமுக்குள் பணம் புழங்குவதைச் சர்வதேச விதிகளும் கட்டுப்படுத்தின. போர்க் கைதி எவ்வளவு ரொக்கம் வைத்திருக்கலாம் என்பதை, போரிடும் அரசுகள் தமக்குள் உடன்பட்டுத் தீர்மானிக்க வேண்டும் என்றது 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை. பிடுங்கிய பணத்துக்குப் பற்றுச்சீட்டும் தர வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு ஏற்ப முகாம் கூப்பன்கள் புழங்கின. டெஹ்ராடூன், பெங்களூர், போபால் எனப் பிரித்தானிய இந்திய முகாம்களின் பெயர் பொறித்த கூப்பன்கள் இன்று சேகரிப்போர் கைகளில் உண்டு. ஜேர்மனியும் தான் பிடித்த கைதிகளுக்குத் தனி முகாம் தாள் அச்சிட்டது. தப்பி ஓடினாலும் வெளியே செல்லாத பணம் அது.

கடற்பகுதியிலும் ஒரு தடயம் இருக்கிறது. 1914 செப்டெம்பர் 22 அன்று சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய ஜேர்மன் போர்க்கப்பல் எம்டன், நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவருகே அவுஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் வீழ்ந்தது. சிதைந்த எம்டனிலிருந்து மெக்சிக்கோ வெள்ளி டாலர்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 1,000 காசுகள் நினைவுப் பதக்கங்களாக மாறின. ஜேர்மன் கப்பலின் பணப்பெட்டியில் கீழைக் கடல் வணிகம் ஏற்றுக்கொண்ட மெக்சிக்கோ வெள்ளி!

இனி உலோகத்துக்கு வருவோம். என் பார்வையில் நாணயச் சேகரிப்பின் உயிர் அங்கேதான். முதல் உலகப் போருக்கு முன் ஜேர்மனியின் 5, 10 பெனிக் காசுகள் செம்பும் நிக்கலும் கலந்தவை. 1915 முதல் அவை இரும்பாயின. 1 பெனிக் 1916இல் அலுமினியமானது. 10 பெனிக் 1917இல் துத்தநாகத்திலும் அடிக்கப்பட்டது. நிக்கலும் செம்பும் ஆயுதத் தொழிற்சாலைக்குப் போயின. ஒன்பது வளைவுப் பாலத்துக்கு வந்திருக்க வேண்டிய இரும்பும் போருக்குப் போனதால்தான் அதைக் கல்லாலும் சீமெந்தாலும் கட்டினார்கள் என்று எல்லவில் சொல்வார்கள். அது செவிவழிக் கதை. அந்தக் காலத்து உலோகப் பஞ்சம் கதையல்ல.

இரண்டாம் உலகப் போரில் இதே மாற்றம் இன்னும் விரைவாக நடந்தது. 1, 5, 10 ரைக்ஸ்பெனிக் 1940 முதல் துத்தநாகம்; 50 அலுமினியம். காசில் பொறித்த ஒற்றை எழுத்து நாணயசாலையைக் காட்டும்: ஏ பேர்லின், பி வியன்னா, டி மியூனிச், ஜே ஹம்பர்க். 1938இல் ஒஸ்திரியா விழுங்கப்பட்டதை அந்த ஒற்றை ‘பி’ எழுத்தே சொல்லிவிடும். ஆக்கிரமித்த நாடுகளுக்காக நடுவில் துளையிட்ட தனிக் காசுகளும் வந்தன. சந்தையிலோ காசிலுள்ள கழுகின் காலடியில் இருக்கும் ஸ்வஸ்திகா சின்னத்துக்கே விலை ஏறுகிறது. போலிகளும் அதைச் சுற்றித்தான் பெருகுகின்றன. சின்னத்துக்காக வாங்குவோர் வரலாற்றைச் சேகரிப்பதாக நான் கருதவில்லை. நம் மலைநாட்டு ஈரத்தில் துத்தநாகம் வெள்ளைப் பொடி பூத்துவிடும் என்பதையும் வாங்குவோர் அறிய வேண்டும். தேய்த்துக் கழுவினால் எழுத்தும் போய்விடும். உலர்ந்த இடத்தில் காகித உறையில் வைப்பதே நல்லது.

ஜேர்மனியை நெருக்கிய அதே பஞ்சம் இலங்கையின் தோட்டச் சம்பள மேசைக்கும் வந்தது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரல் 5 அன்று கொழும்பில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. அந்த ஆண்டிலேயே இலங்கை அரசு 5, 10, 25, 50 சதத் தாள்களை வெளியிட்டது. 5 சதத் தாளின் நடுவே துளைவரிசை உண்டு. கிழித்தால் ஒரு துண்டு 3 சதம், மறு துண்டு 2 சதம். 1944இல் 2 சத நாணயம் முதன்முறையாக வந்ததற்கு அந்தக் கிழிந்த துண்டுதான் முன்னோடி என்பது என் ஊகம். 1 சதத்தின் வெண்கலம் மெலிந்தது. சதுர 5 சதம் நிக்கல்-பித்தளையானது. வெள்ளியில் இருந்த 25, 50 சதங்கள் 1943இலும், 10 சதம் 1944இலும் பித்தளைக்கு மாறின. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் கணக்குப் பார்த்து, அரிசிக் கடனும் கழித்து, மிச்சத்தைச் சதம் சதமாக எண்ணிக் கொடுக்கும் இடத்தில் சில்லறை இல்லாவிட்டால் நட்டம் யாருக்கு என்பது தோட்டத்தாருக்குத் தெரியும்.

ஜேர்மன் துத்தநாகக் காசு 1948 ஜூன் நாணயச் சீர்திருத்தத்தோடு மேற்கு ஜேர்மனியில் மதிப்பிழந்தது. சில்லறைக் காசுகள் பத்தில் ஒரு பங்கு விலைக்குச் சில காலம் ஓடி ஓய்ந்தன. இலங்கையில் நெருக்கடிக்காக வந்த பித்தளையோ உடனே விலகவில்லை. 25, 50 சதங்கள் 1963இல் செம்பு-நிக்கலுக்கு மாறின. ஆனால் சதுர 5 சதமும் விளிம்பு வளைந்த 10 சதமும் 1960களிலும் அதே நிக்கல்-பித்தளையில்தான் அச்சாகின. சம்பள நாளில் லயத்துக்குப் போன சில்லறையில் அவையும் இருந்தன.